கல்லேறும் வண்டிக்குப் பாஸிங்

பஞ்சவர்ணத்துக்குக் கோபம் வந்தால் முதலில் பாத்திரங்களுக்குத்தான் தெரியும். பஹ்ரைனில், ஈசா டவுனில், கல்யாணசுந்தரம் வீட்டு அடுப்படியில் விடியற்காலை காபிப் பாத்திரம் மேடையில் இறங்குகிற சத்தத்தை வைத்தே, இன்றைக்கு அவளிடம் பேசலாமா கூடாதா என்று வீட்டுக்காரர்கள் முடிவு செய்துகொள்வார்கள். எழுபத்தேழாம் வருஷம் முழுக்க அநேகமாகப் பேசக்கூடாத நாட்களாகவே போயின. காரணம் ஒரு பஸ்.

அது கம்பெனி பஸ். காலை ஐந்தரை மணிக்கு அந்த வீட்டு வாசலில் வந்து நின்று ஒரு ஹாரன் அடிக்கும். கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்த கல்யாணசுந்தரம் டிபன் பாக்ஸோடு ஏறுவார். தெற்கே, ஜபல் மலைப் பக்கம் இருந்த பிளான்ட்டுக்கு பஸ் நேராகப் போகும். பாதி சீட்டுக்கு மேல் காலி. காற்று உட்கார்ந்து போகும். அதே பிளான்ட்டில் பைப் ஃபிட்டராக இருந்த கார்மேகம் மட்டும் அதில் ஏறக்கூடாது. அது ஸ்டாஃப் பஸ், கார்மேகம் லேபர். அந்தக் கார்மேகம்தான் பஞ்சவர்ணத்தின் புருஷன்.

ஒரே வாசல், ஒரே ரோடு, போய்ச் சேருகிற இடமும் ஒன்று. ஒருத்தருக்கு மெத்தை சீட்டு, இன்னொருத்தருக்குக் கதவே கிடையாது. இதைக் கேட்டால் யாருக்குத்தான் வயிறு எரியாது?

பஞ்சவர்ணம் முதுகுளத்தூர் பக்கத்துக்காரி. சீமைக் கருவேலம் வெட்டிக் கரிமூட்டம் போடுகிற குடும்பம். அத்தை மகனுக்கே வாழ்க்கைப்பட்டாள். தாலிக் கயிற்றில் மஞ்சள் ஈரம் காய்வதற்குள் அவன் பம்பாய் ஏஜெண்ட் ஒருத்தரைப் பிடித்துக் கப்பல் ஏறிவிட்டான். ரெண்டு வருஷத்துக்கு ஒரு லீவு. வந்த லீவிலும் பாதி நாள் சொந்தக்காரர் வீட்டு விருந்திலும் மீதி நாள் அவர்கள் கேட்ட சாமான்களைப் பங்கு வைப்பதிலும் கழிந்தது. "உம் புருஷன் எப்ப வர்றாக?" என்று ஊரே கேட்டுக் கேட்டு அவள் காதைப் புண்ணாக்கியது. அந்த வாய்களுக்குப் பதில் சொல்ல முடியாமல்தான் மெட்ராஸுக்குப் போய் ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தாள்.

அந்த வீட்டு மகள்தான் ஜலஜா. புருஷன் கல்யாணசுந்தரத்தோடு பஹ்ரைனில் குடித்தனம், மனாமாவில் ஒரு பாங்கில் வேலை, கையில் நளினி என்று ஒரு பெண்குழந்தை. குழந்தையைப் பார்த்துக்கொள்ள ஆள் தேடி வந்திருந்தாள். பஹ்ரைன் என்ற பேரைக் கேட்டதும் பஞ்சவர்ணம் வேறு ஒன்றுமே விசாரிக்கவில்லை, சரியென்று தலையாட்டினாள். அது ஒரு தீவு என்று கார்மேகம் சொல்லியிருந்தான். ஒரே தீவுக்குள் புருஷனும் பெண்டாட்டியும் வந்து சேர்ந்துவிட்டால் ஒரே கூரைக்குள் வர எவ்வளவு நேரமாகிவிடும் என்று நினைத்தாள், பாவம்.

வந்து இறங்கிய பிறகுதான் கதை தெரிந்தது. கார்மேகத்துக்குக் கேம்ப்பில், ஒன்றின்மேல் ஒன்றாகக் கட்டில் போட்ட ரூமில் ஓர் இடம். அந்தக் கேம்ப் கேட்டைப் பெண்பிள்ளை தாண்டக்கூடாது. இவளுக்கு ஈசா டவுன் வீட்டின் பின்பக்கத்து அறை. வெள்ளிக்கிழமை மதியம் வருவான், சாப்பிடுவான், சாயங்காலம் கேம்ப் லாரியைப் பிடிக்க ஓடுவான். கடல் தாண்டி வந்தும் வாரத்துக்கு அரைநாள் குடித்தனம்தான்.

ஜலஜாவைக் குறை சொல்ல முடியாது. "உன் வீட்டுக்காரர் இங்கயே வந்து தங்கட்டுமே பஞ்சவர்ணம், பின்ரூம் பெரிசாத்தானே இருக்கு" என்று அவளாகவே சொன்னாள். தங்கலாம்தான். ஆனால் ஆறு மணிக்கு டூட்டியில் நிற்க வேண்டும். டவுன் பஸ் ஏழு மணிக்குத்தான் கண்ணையே திறக்கும். பஞ்சவர்ணம் கல்யாணசுந்தரத்திடம் கேட்டுப் பார்த்தாள்.

"ரூல் இடம் கொடுக்காதே பஞ்சவர்ணம்" என்றார் அவர், காலில் ஷூவை மாட்டிக்கொண்டே.

"சீட்டு எடங் குடுக்குதே சார்" என்றாள் இவள்.

அவர் குனிந்து லேஸைக் கட்டினார். நல்ல மனுஷர்தான், வாயில் ஈ போனாலும் விரட்டத் தெரியாதவர். மறுநாள் காலை வாசலில் ஹாரன் அடித்தபோது இவள் டிபன் பாக்ஸை அவர் கையில் கொடுக்கவில்லை. ஷூ ஸ்டாண்டின்மேல் டொக்கென்று வைத்துவிட்டுப் போனாள்.

கேம்ப்பையும் ஆட்களையும் கட்டி மேய்த்தவர் வெங்கட்ராமன் என்ற பர்சனல் ஆபீசர். கார்மேகம் அவர் மேஜைக்கு முன்னால் தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, வெளியில் தங்க அனுமதி வேண்டும், ஸ்டாஃப் பஸ்ஸில் ஒரு ஓரமாக நின்றுகொண்டு வரவாவது விட வேண்டும் என்று கேட்டான். அவர் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கவில்லை. "பஸ்ஸா? இன்னிக்கு உன்னை ஏத்தினா நாளைக்குக் கேம்ப்பே ஏறும். சொந்த வண்டி இருக்கா? பாஸிங் ஆன வண்டி? இருந்தா எடுத்துண்டு வா, வெளியில தங்கிக்கோன்னு கையெழுத்துப் போட்டுத் தரேன். இந்த மாசக் கடைசிக்குள்ள. அதுக்கப்புறம் புது பேட்ச் வருது, ரூமெல்லாம் மாத்திப் போட்டாச்சுன்னா ஒருத்தரையும் அசைக்க முடியாது" என்றார். மண்வெட்டி பிடிக்கிறவனுக்கும் ஸ்பானர் பிடிக்கிறவனுக்கும் வண்டி எங்கிருந்து வரும் என்ற தைரியம் அவருக்கு.

வந்தது. பார்லோ என்று ஓர் இங்கிலீஷ்கார இன்ஜினியர் காண்ட்ராக்ட் முடிந்து ஊருக்குக் கிளம்பினார். வெள்ளிக்கிழமைகளில் ஜபல் பக்கம் பாறைகளின்மேல் மோட்டார் சைக்கிள் ஏற்றி விளையாடுகிற கூட்டத்தில் அவர் ஒருவர். வண்டி உடையும்போதெல்லாம் கார்மேகம்தான் ஒட்ட வைத்துக் கொடுத்திருக்கிறான். வண்டியைக் குப்பையில் போடுவதைவிட நீயே வைத்துக்கொள் என்று சாவி இல்லாத அந்த வண்டியைக் கொடுத்துவிட்டு அவர் விமானம் ஏறினார். கார்மேகத்திடம் லைசென்ஸ் இருந்தது. ஸ்டோர் பிக்கப்பை ஓட்டுவதற்காகக் கம்பெனியே முன்பு எடுத்துக் கொடுத்தது.

அந்த வெள்ளிக்கிழமை அவன் வண்டியைப் பிக்கப்பில் ஏற்றிக்கொண்டு வந்து ஈசா டவுன் வீட்டுப் பின்பக்கம் இறக்கினான். பஞ்சவர்ணம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டே வந்து பார்த்தாள்.

"என்ன மச்சான் இது, உரிச்ச கோழி மாதிரி இருக்கு?"

"ஸ்பெயின் தேசத்து வண்டி வர்ணம்."

"எங்க உக்காருறது?"

"உக்காரமாட்டாக. நின்னுக்கிட்டே ஓட்டுவாக. கல்லு மேல, பாறை மேல ஏத்தணும். கால் தரையில பட்டுச்சுன்னா தோத்தாப்புல."

"வேலையத்தவுக" என்றாள் பஞ்சவர்ணம். "நின்னுக்கிட்டே போறதுக்குத்தான அந்த பஸ்ல எடங் கேட்டோம்?"

ஆனால் அன்று மாலை கார்மேகம் பிக்கப்பை எடுத்துக்கொண்டு போன பிறகு வண்டியைத் தனியாக ஒருமுறை சுற்றி வந்து பார்த்தாள். சிவப்பு டாங்க், ஒல்லியான சக்கரம், மண்ணிலிருந்து வயிறு தூக்கி நிற்கிற உடம்பு. இதுதான் தன் புருஷனை ராத்திரி தன்னிடம் கொண்டுவந்து சேர்க்கப் போகிற வண்டி. பழைய துணி ஒன்றை நனைத்து டாங்க்கைத் துடைத்தாள்.

பாஸிங் என்பது அங்கே வண்டியைச் சோதித்து, ரோட்டில் ஓடலாம் என்று சொல்கிற சடங்கு. ஊரில் எஃப்.சி. என்பார்களே, அதுதான். பாஸிங் யார்டில் கரீம்தாத் என்ற பலூச்சி இன்ஸ்பெக்டர் இருந்தார். காக்கி உடுப்பு, நரைத்த மீசை, உருதுப் பேச்சு. கார்மேகம் பிக்கப்பிலிருந்து வண்டியை இறக்கியதும் அவர் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். லைட் எங்கே என்றார். இல்லை. ஹாரன்? இல்லை. கண்ணாடி? இல்லை. சீட்டு என்று சொல்கிற மாதிரி ஏதாவது? ஒரு கை அகலத்துக்கு ஸ்பாஞ்சு ஒட்டியிருந்தது. நம்பர் பிளேட் மாட்ட ஒரு தகரம்கூட இல்லை. ஸ்டார்ட் செய்யச் சொன்னார். சைலன்ஸர் போட்ட சத்தத்தில் வரிசையில் நின்ற டாக்சிக்காரர்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள்.

"யே காடி நஹி பாய், பக்ரி ஹை" என்றாராம். வண்டியில்லை தம்பி, ஆடு. யார்டே சிரித்ததாம். கார்மேகமும் சிரித்து வைத்தானாம்.

வெள்ளிக்கிழமை இதை அவன் சொன்னபோது பஞ்சவர்ணம் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தாள். "ஆடுன்னு சொன்னாக, நீயும் சேர்ந்து பல்லக் காட்டிக்கிட்டு வந்தியாக்கும். வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருந்த?"

"போலீசு கிட்ட என்னத்த பேச, வர்ணம்?"

"லைட்டு இல்லாட்டி மாட்டுறோம், ஹாரன் இல்லாட்டி மாட்டுறோம். ஆடுங்காதீகன்னு ஒரு வார்த்தை சொல்ல வேண்டியதுதான?"

சொல்ல மாட்டான். கார்மேகம் அப்படித்தான். பிறந்ததிலிருந்து அவன் வாயிலிருந்து வந்த வார்த்தைகளில் முக்கால்வாசி "சரிங்க" என்பதாகத்தான் இருக்கும். ஃபோர்மேனுக்குச் சரிங்க, கேம்ப் சூப்பர்வைசருக்குச் சரிங்க, ஊரில் அண்ணன்மாருக்குச் சரிங்க. அவனுக்கும் சேர்த்துக் கோபப்படுகிற வேலை இவள் தலையில் விழுந்திருந்தது.

மனாமாவில் ஒர்க்‌ஷாப் வைத்திருந்த மீரா சாகிப் கீழக்கரைக்காரர். நம்ம ஜில்லாப் பிள்ளை என்று வண்டியை எடுத்துக்கொண்டார். ஸ்கூட்டரிலிருந்து கழற்றிய ஹெட்லைட், லாரிக் கண்ணாடியில் பாதி, அமுக்கினால் வாத்துக் கத்துகிற ரப்பர் ஹாரன், சைலன்ஸருக்குள் திணிக்கக் கம்பி வலை, ரெக்சின் தைத்த ஒற்றை சீட்டு என்று ஒவ்வொன்றாக மாட்டினார். ஒரு வழியாக வண்டி ரோட்டு வண்டியாக நின்றது. கார்மேகம் டூட்டி மாற்றிக்கொண்டு, மாதம் முடியப் பத்துப் பதினைந்து நாள் இருக்கும்போது இரண்டாவது முறையாக வண்டியை எடுத்துக்கொண்டு கிளம்பினான்.

புறப்படும் முன் பஞ்சவர்ணம் சும்மா விடுவாளா? ஆயுத பூஜைக்கு அரிவாள்மணையையே பொட்டு வைத்துக் கும்பிடுகிற ஊரில் வளர்ந்தவள். டாங்க்கில் சந்தனம், ஹெட்லைட்டின்மேல் குங்குமம். கற்பூரம் காட்டி, இரண்டு சக்கரத்துக்கும் கீழே எலுமிச்சம்பழம் வைத்து வண்டியை உருட்டி நசுக்கச் சொன்னாள். மூன்றாவது பழத்தைப் பச்சை மிளகாயோடு கறுப்புக் கயிற்றில் கோத்து ஹேண்டில்பாரில் கட்டினாள். நல்ல காரியத்துக்கு வலப்பக்கம்தானே? வலக்கைப் பிடியோடு சேர்த்து, வழியில் அறுந்து விழுந்துவிடக் கூடாதென்று நாலு சுற்றுச் சுற்றி இறுக்கி முடிச்சுப் போட்டாள்.

வலக்கைப் பக்கம்தான் முன்பிரேக் என்பது அவளுக்கு எப்படித் தெரியும்? தெரிந்த கார்மேகமோ, பெண்டாட்டி கட்டியதை அவிழ்க்கப் பயந்து அப்படியே பிக்கப்பில் ஏற்றிவிட்டான்.

யார்டில் கரீம்தாத் லைட்டைப் பார்த்தார், சரி. ஹாரனை அமுக்கினார், சிரித்தார், சரி. கண்ணாடி, பிளேட், சீட்டு எல்லாம் சரி. ஏறி உட்கார்ந்து, கார்மேகத்தை வண்டியைத் தள்ளச் சொல்லிவிட்டு, முன்பிரேக்கைப் பலமாக ஒரு பிடி பிடித்தார். கைப்பிடிக்கும் பிரேக் கம்பிக்கும் நடுவில் இருந்த எலுமிச்சம்பழம் வெடித்தது. சாறும் மிளகாய் விதையும் நேராக அவர் கண்ணில். பிரேக் பாதியோடு நின்றுவிட, வண்டி போய் ஆபீஸ் சுவரில் முட்டியது.

கண்ணைக் கழுவிக்கொண்டு வந்த மனுஷர் பேசிய உருதுவில் பாதி கார்மேகத்துக்குப் புரியவில்லை. புரிந்த பாதியே போதுமானதாக இருந்தது. பிரேக் ஃபெயில், கலாஸ், கதை முடிந்தது. அடுத்த முறைக்கான டோக்கன், மாதம் முடிந்து நாலு நாள் கழித்து.

அவன் திரும்பி வந்து நடந்ததைச் சொன்னான். அடுப்படியில் ஒரு சத்தமும் இல்லை. ஜலஜா பயந்துபோய் வந்து எட்டிப் பார்த்தாள். பஞ்சவர்ணம் தரையில் உட்கார்ந்து, கறுப்புக் கயிற்றைச் சுற்றிக் கட்டிய தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங் கையாலயே கட்டினேன்" என்றாள். "நானே கட்டினேன்."

"விடு வர்ணம். விதி."

அந்த வார்த்தைதான் அவளை எழுப்பியது. "விதியா? எந்த விதி? பஸ்ஸு காலியாப் போறது விதியா? ரூலு போட்டவன் மனுசன், டோக்கன் எழுதினவனும் மனுசன். பழத்தக் கட்டினது நான். என் தப்புக்கு உன்னைய எதுக்குக் கேம்ப்புல பூட்டி வைக்கணும்? நாளைக்கு நானே வர்றேன்."

"பொம்பளையாளு அங்க எல்லாம் வரமாட்டாக."

"அதான் வர்றேங்குறேன்."

மறுநாள் ஜலஜாவுக்கு பாங்கில் லீவு கிடைக்கவில்லை. குழந்தையை யார் பார்ப்பது என்று இழுத்தாள். பஞ்சவர்ணம் நளினியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு பிக்கப்பில் ஏறிவிட்டாள்.

யார்டில் லாரிகளும் டாக்சிகளுமாக நீள வரிசை. ஈரான்காரர், பட்டாணியர், மலையாளி, உள்ளூர் அரபி என்று அத்தனை பேரும் வெயிலில் நின்றார்கள். பஞ்சவர்ணம் குழந்தையோடு இறங்கியதுதான் தாமதம், வரிசை தானாக விலகியது. அந்த ஊர் வழக்கம் அது: பெண்பிள்ளை வந்தால் ஆண்கள் வரிசையில் நிற்க வைக்க மாட்டார்கள். தொப்பியைக் கழற்றிய ஒருவர் "ஜாவ் பஹன், ஆகே ஜாவ்" என்று, தங்கச்சி முன்னால் போகட்டும் என்று வழிகாட்டினார். நேற்றுவரை டோக்கனோடு காய்ந்துகொண்டிருந்த கார்மேகம் பின்னால் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தான். அவனுக்கும் அந்த வழியே கிடைத்தது. இதைப் பார்த்தும் பஞ்சவர்ணத்துக்குக் கோபம்தான் வந்தது. இத்தனை நாள் இந்த மனுஷன் நின்றபோது ஒருத்தனும் விலகவில்லையே என்று.

கரீம்தாத்தின் ஒரு கண் இன்னும் சிவந்திருந்தது. வண்டியைப் பார்த்ததும் மீசை துடித்தது. பஞ்சவர்ணத்தைப் பார்த்ததும் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

மளிகைக்கடையிலும் மீன் மார்க்கெட்டிலும் பொறுக்கிய இந்திதான் அவளுக்கு. அதை அப்படியே எடுத்துவிட்டாள். "நிம்பு ஹம் பாந்தா. ஆத்மி நஹி பாந்தா. காடி பாஸ் கரோ, ஹம்கோ ஃபெயில் கரோ." பழம் கட்டினது நான், புருஷன் இல்லை; வண்டியைப் பாஸ் பண்ணு, என்னை ஃபெயில் பண்ணு.

வரிசையில் யாரோ சிரித்தார்கள். கரீம்தாத் சிரிக்கவில்லை. எலுமிச்சம்பழத்தை வண்டியில் எதற்குக் கட்டுவது என்று கேட்டார்.

"கர் வாபஸ் ஆனே கோ" என்றாள். வீட்டுக்குத் திரும்பி வர. பிறகு கையை நீட்டி வரிசையைக் காட்டினாள். பட்டாணியர் லாரியில் கறுப்புத் துணி தொங்கியது, டாக்சி ஒன்றின் கண்ணாடியில் நீலப் பாசிமணி, இன்னொரு லாரியின் முன்னால் ஒற்றைக் குழந்தைச் செருப்பு. "வோ சப் பாஸ், ஹமாரா நிம்பு ஃபெயில்?" அதெல்லாம் பாஸ், எங்கள் எலுமிச்சம்பழம் மட்டும் ஃபெயிலா?

"பஹன்," என்றார் கரீம்தாத் நிதானமாக, "அவர்கள் யாரும் பிரேக்கில் கட்டவில்லை."

நியாயமான பேச்சு. பஞ்சவர்ணம் குழந்தையை இந்த இடுப்பிலிருந்து அந்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு மூச்சு வாங்கினாள். பிறகு இந்தியெல்லாம் காற்றில் போக, தமிழிலேயே ஆரம்பித்துவிட்டாள். "சரிங்கய்யா, தப்புத்தான். கட்டத் தெரியாமக் கட்டிட்டேன். அதுக்காக மாசம் முடிஞ்சு டோக்கன் குடுத்தா இவுக எப்படிய்யா வீடு வந்து சேர்றது? கல்யாணம் கட்டி இத்தனை வருசத்துல ஒரு மாசம் முழுசா ஒண்ணா இருந்ததில்லைங்கய்யா நாங்க. நீங்க ஒருக்கா பிரேக்கப் புடிச்சுப் பாத்தா ஆச்சு."

அவருக்கு ஒரு சொல்கூடப் புரிந்திருக்காது. ஆனால் வரிசையில் இருந்த மலையாளி டிரைவர் ஒருவர் பொறுப்பாக அத்தனையையும் உருதுவில் எடுத்துச் சொன்னார். சொல்லி முடித்தபோது யார்டில் சிரிப்பில்லை. வரிசையில் இருந்தவர்களில் பெண்டாட்டியை ஊரில் விட்டு வராதவன் யார்?

கரீம்தாத் வண்டியிடம் போனார். ஹேண்டில்பாரைத் தடவி, எலுமிச்சம்பழம் எதுவும் இல்லை என்று உறுதி செய்துகொண்டார். ஏறி, பிரேக்கைப் பிடித்தார். நின்றது. இன்னொரு முறை, வேகமாகத் தள்ளச் சொல்லி. நின்றது. ஓட்டிப் பார்க்க வேண்டும் என்று ஸ்டார்ட் செய்து யார்டைச் சுற்றினார். மூலையில் இடித்துப் போட்ட கான்கிரீட் குவியல் ஒன்று கிடந்தது. அதைச் சுற்றிக்கொண்டு வர வேண்டியவர், என்ன நினைத்தாரோ, சீட்டிலிருந்து எழுந்து நின்றார். வண்டி குவியலின்மேல் ஏறியது. ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்குக் குதித்து, உச்சியில் ஒரு நொடி நின்று, மறுபக்கம் இறங்கியது. கால் தரையில் படவில்லை. டாக்சிக்காரர்கள் விசிலடித்தார்கள்.

"பாஸ் போட வந்தாகளா, வெளையாட வந்தாகளா?" என்றாள் பஞ்சவர்ணம் கார்மேகத்திடம்.

மறுபடியும் ஒரு தடவை ஏறி இறங்கிவிட்டுத்தான் அவர் வந்தார். முகம் முழுக்கச் சிரிப்பு. முத்திரையை எடுத்துக் காகிதத்தில் குத்தினார். அதைக் கார்மேகத்திடம் நீட்டாமல் பஞ்சவர்ணத்திடம் நீட்டினார். அவள் வாங்கவில்லை. "வண்டி அவுகளுது. ஆத்மி கோ தோ" என்று புருஷனைக் காட்டினாள். கரீம்தாத் காகிதத்தைக் கார்மேகத்தின் கையில் கொடுத்து, அவன் தோளில் ஒரு தட்டுத் தட்டினார். ஆடு என்ற பேச்சே வரவில்லை.

இனி வெங்கட்ராமன் கையெழுத்து ஒன்றுதான் பாக்கி. மூன்று முறை ஆபீஸுக்குப் போனான் கார்மேகம். முதல் முறை மீட்டிங், அடுத்த முறை சைட்டுக்குப் போயிருந்தார், அதற்கடுத்த முறை நாளைக்கு வா என்றார். மாதம் முடிய ஒரு நாள் இருக்கும்போது வெள்ளிக்கிழமை வந்தது. அன்று மதியம் வெங்கட்ராமனே ஈசா டவுன் வீட்டுக்கு வந்தார், சாப்பிட. அவர் குடும்பம் லீவில் ஊருக்குப் போயிருந்ததால் கல்யாணசுந்தரம் அழைத்திருந்தார். வத்தக்குழம்பும் அப்பளமும் என்றால் அவருக்கு உயிராம்.

பஞ்சவர்ணம் பரிமாறினாள். கார்மேகம் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தான். ஜன்னல் வழியாக வண்டி தெரிந்தது, புது நம்பர் பிளேட்டோடு. வெங்கட்ராமன் குழம்பைப் பிசைந்துகொண்டே எட்டிப் பார்த்து, அது யார் வண்டி என்று கேட்டார். கல்யாணசுந்தரம் தயங்கித் தயங்கிக் கதையைச் சொன்னார். எலுமிச்சம்பழம் வந்த இடத்தில் வெங்கட்ராமனுக்குப் புரையேறுகிற மாதிரி சிரிப்பு.

"எங்கே அவன்? கூப்பிடு" என்றார். கார்மேகம் வந்து கதவோரம் நின்றான்.

"ஏம்ப்பா, இதுக்கா இத்தனை அலைச்சல்? என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருந்தா, பஸ்லயே ஏறிக்கோன்னு சொல்லியிருப்பேனே. காலியாத்தானே போறது."

பஞ்சவர்ணத்தின் கையில் கரண்டி அப்படியே நின்றது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதுமாமே! தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு இவர் மேஜைக்கு முன்னால் நின்று அந்த ஒரு வார்த்தையைத்தானே இந்த மனுஷன் சொன்னான்? யார்டில் ஆடென்று சிரிக்கச் சிரிக்க நின்றதும், தான் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் ஊர்பேர் தெரியாத ஆண்களுக்கு முன்னால் தன் குடித்தனத்தை விரித்துப் போட்டதும் எதற்காக? இந்த வாய் ஒன்று அன்றைக்கு ஆமாம் என்று சொல்லாததால்தானே? சொன்னதையே மறந்துவிட்டு அப்பளத்தை நொறுக்குகிறதே இந்த வாய்!

"இப்பவும் ஒண்ணும் கெட்டுப்போகலை" என்றார் வெங்கட்ராமன். "அந்த எலும்புக்கூட்டை எவன் தலையிலாவது கட்டிடு. நாளையிலேருந்து பஸ்ல வா. லெட்டர் கிட்டர் எல்லாம் எதுக்கு? மாசா மாசம் பார்த்துக்கலாம். நான் இருக்கேன்ல."

"பாத்தியா கார்மேகம், சாருக்கு எவ்வளவு பெரிய மனசு" என்றார் கல்யாணசுந்தரம், நிம்மதியாக.

பஞ்சவர்ணம் புருஷனைப் பார்த்தாள். அந்தச் "சரிங்க" அவன் தொண்டையிலிருந்து ஏறி வருவதை அவள் அறிவாள்; வாழ்க்கை முழுக்கக் கேட்டிருக்கிறாள். அதை மறிக்க வாயைத் திறந்தாள்.

"வேண்டாம் சார்" என்றான் கார்மேகம்.

கல்யாணசுந்தரம் கையிலிருந்த அப்பளத்தைத் தட்டில் வைத்தார்.

"பஸ்ஸு நீங்க குடுக்குறது சார். இன்னைக்கு ஏறும்பீக, என்னைக்காச்சும் எறங்கும்பீக. மாசா மாசம் உங்க மூஞ்சியப் பாத்து நாங்க குடும்பம் நடத்த முடியாது. வண்டி எங்களுது." சட்டைப் பையிலிருந்து, ஜலஜா பாங்கில் டைப் அடித்துக் கொடுத்த அனுமதிக் கடிதத்தை எடுத்து மேஜையில் விரித்தான். "பாஸிங் ஆன வண்டி இருந்தா கையெழுத்துன்னு சொன்னீக. போடுங்க சார்."

வெங்கட்ராமன் கடிதத்தைப் பார்த்தார். கல்யாணசுந்தரத்தைப் பார்த்தார். அவர் அப்பளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஜலஜா மட்டும் தன் பேனாவை எடுத்துக் கடிதத்தின் பக்கத்தில் வைத்தாள்.

"கையெல்லாம் குழம்பா இருக்கு" என்றார் வெங்கட்ராமன். "நாளைக்கு ஆபீஸ்ல பார்க்கலாம்."

பஞ்சவர்ணம் கரண்டியைக் குழம்புச் சட்டியில் போட்டாள். உள்ளே போய் ஒரு சொம்புத் தண்ணீரும் கிண்ணமும் கொண்டுவந்து, அவர் தட்டைக் கொஞ்சம் தள்ளிவிட்டு, கிண்ணத்தை அவர் முன்னால் வைத்தாள்.

"கையக் கழுவிக்கங்க சார்" என்றாள். "மோர் அப்புறமா ஊத்துறேன்."

வெங்கட்ராமன் கிண்ணத்தையும் கடிதத்தின் பக்கத்தில் இருந்த பேனாவையும் பார்த்தார். பிறகு கையை நீட்டினார். பஞ்சவர்ணம் தண்ணீரை ஊற்றினாள்.